வீட்டு ஃபோட்டோ பிரிண்டரில் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆறு கலர் ஃபோட்டோ பிரிண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, மை நிரப்பி நிரப்பியே பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களில் யார் பிரிண்டர் வாங்கினாலும் ஒரு மாதத்துக்குள் எனக்கு ஃபோன் வந்துவிடும். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். லேசர் பிரிண்டர், டோனர் எல்லாம் இதில் வராது. அது வேறு கதை.

ரீஃபில் கார்ட்ரிட்ஜ் என்றால் என்ன? தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜில் ஊசி போட்டு மை ஏற்றுகிறார்களே, அதுவா?

இரண்டும் வேறு. ஊசி போட்டு ஏற்றுவது கம்பெனி கார்ட்ரிட்ஜில் செய்கிற வேலை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடச் செய்த பொருளை நாம் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறோம். ரீஃபில் கார்ட்ரிட்ஜ் நிரப்புவதற்கென்றே செய்யப்பட்ட காலி டப்பா. கண்ணாடி போல் உள்ளே தெரியும். மேலே ரப்பர் மூடி போட்ட ஒரு துளை, பக்கத்தில் காற்று போகிற சின்னத் துளை, முன்னால் ஒரு சிப். மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

என் பிரிண்டருக்கு ஒத்து வருமா?

பிரிண்டரைத் திறந்து எத்தனை கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக நான்கோ ஆறோ இருந்தால் பெரும்பாலும் ஒத்து வரும். எப்சனின் டி 60, 1390 போன்ற பழைய ஆறு கலர் மாடல்கள் இந்த வகை. கேனனில் தனித்தனி டேங்க் போடும் பிக்ஸ்மா மாடல்களும் இதில் சேரும். இவற்றில் பிரிண்ட் ஹெட், அதாவது தாளில் மையைத் தெளிக்கிற பகுதி, பிரிண்டரோடு இருக்கும், கார்ட்ரிட்ஜ் வெறும் மைக்கூடுதான்.

கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என்று இரண்டே இரண்டு இருந்தால் ஹெட்டே கார்ட்ரிட்ஜின் அடியில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எச்பியின் சின்ன பிரிண்டர்கள் பலவும், கேனனின் விலை குறைந்த மாடல்களும் இப்படித்தான். இவற்றுக்கு ஊசி வழிதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெட் எந்த வகை என்பதும் முக்கியம். எப்சன் ஹெட்டில் மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ படிகம் இருக்கிறது, அது மையை அழுத்தித் தள்ளும். கேனனும் எச்பியும் மையைச் சூடாக்கிக் குமிழி வரவைத்து, அந்தக் குமிழியால் தள்ளும். 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக ஒரு ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டதாம். அதிலிருந்துதான் இந்த முறை பிறந்தது என்பது கேனன் சொல்லும் கதை. இன்றைக்கு நாம் கையில் ஊசியோடு அதே கம்பெனி கார்ட்ரிட்ஜை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்!

சூடாக்கும் ஹெட்டில் மைதான் அந்தச் சூட்டையும் தணிக்கிறது. மை இல்லாமல் ஓடினால் ஹெட் கருகிப் போகும். பீசோ ஹெட் கருகாது, காற்றைக் குடித்துவிட்டு அடம் பிடிக்கும்.

நிஜமாகவே காசு மிச்சமாகுமா?

மாதம் எத்தனை படம் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்சன் தன் எல் 805 டேங்க் பிரிண்டருக்கு (பாட்டிலிலிருந்து நேராக மை ஊற்றுகிற வகை) சொல்லும் கணக்கு, 70 மி.லி. பாட்டில் ஆறுக்கு 1800 படம், 4×6 அளவில். அதாவது 420 மி.லி. மைக்கு 1800 படம். வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்குக் கால் மில்லிகூட ஆகவில்லை. படத்துக்குப் போகிற மை அவ்வளவுதான். ஹெட்டின் துவாரங்களைச் சுத்தம் செய்யப் பிரிண்டர் மையை இழுத்துக் கொட்டும், அதுதான் ஹெட் கிளீனிங். நம் பிரிண்டரில் அது குடிக்கிற மையை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாரம் பத்துப் படமாவது போடுகிறவருக்கு ரீஃபில் நல்ல லாபம். தீபாவளிக்கு நாலு, பொங்கலுக்கு நாலு என்று போடுகிறவர், படத்தில் விழுகிற மையைவிட அதிகமாகக் கிளீனிங்கில் கொட்டுவார். அவர் பென் டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்கு நடந்து போவதுதான் மலிவு. இதை நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

எந்த மை வாங்குவது? டை, பிக்மெண்ட் என்கிறார்களே?

டை மை என்பது தண்ணீரில் முழுசாகக் கரைந்த சாயம். பிக்மெண்ட் என்பது கரையாத நுண்ணிய வண்ணத் துகள்கள் மிதக்கிற மை. பளபளப்பான ஃபோட்டோ பேப்பரில் டைதான் பளிச்சென்று இருக்கும். பிக்மெண்ட் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும், ஆனால் மலிவான கிளாஸி பேப்பரில் தேய்த்தால் விரலோடு வரும்.

உங்கள் பிரிண்டருக்குக் கம்பெனி எதைக் கொடுத்ததோ அதையே போடுங்கள். டை பிரிண்டரில் பிக்மெண்ட் ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எல் 805 போன்ற ஹெட்டிலிருந்து வருகிற மிகச் சிறிய சொட்டு 1.5 பிகோ லிட்டர். ஒரே ஒரு மில்லி மையில் இப்படி 60 கோடிக்கும் மேல் சொட்டு எடுக்கலாம். அவ்வளவு மெல்லிய துவாரத்துக்குள் என்ன போகிறது என்பதில் விளையாடக் கூடாது.

சப்ளிமேஷன் மை என்று இன்னொன்று கடையில் கிடைக்கும். கப், டி-ஷர்ட்டில் சூட்டோடு ஒட்டுவதற்கான மை அது. விலை மலிவாக இருக்கிறதே என்று ஃபோட்டோவுக்கு வாங்கிவந்தால் படம் சாம்பல் பூத்த மாதிரி வரும்.

இன்னொன்று: ஒரு பிராண்டு மையை ஆரம்பித்தால் அதிலேயே இருங்கள். பாதி டப்பாவில் ஒரு கம்பெனி, மீதிப் பாதியில் வேறு கம்பெனி என்று கலந்தால், சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் உள்ளே திரிந்து கட்டிக்கொள்ளும். எது ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது.

முதல் முறை நிரப்புவது எப்படி?

பழைய செய்தித்தாளை நாலாக மடித்துத் தரையில் விரியுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். ஒவ்வொரு கலருக்கும் தனி ஸிரிஞ்ச், அதில் கலர் பெயரை மார்க்கரால் எழுதிவிடுங்கள். சயானும் (பச்சை கலந்த நீலம்) இளம் சயானும் பாட்டிலில் பார்க்க ஒன்று போலவேதான் இருக்கும், மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) அப்படித்தான். ஆறு கலர் பிரிண்டரில் நடக்கிற பாதித் தவறு இங்கேதான்.

கார்ட்ரிட்ஜின் ரப்பர் மூடியைத் திறந்து, சுவரை ஒட்டி மையை மெதுவாக விடுங்கள். வேகமாக அழுத்தினால் நுரைக்கும். நுரை என்றால் காற்று. முழுசாக நிரப்பாமல் மேலே ஒரு விரல்கடை விட்டு, மூடியை நன்றாக அழுத்தி மூடுங்கள். அரைகுறையாக மூடினால் அடியில் சொட்டு சொட்டாக ஒழுகும்.

அப்புறம்தான் பலரும் தவறவிடுகிற வேலை. எப்சன் வகையில் மை வெளியே வரும் வாயில் ஒரு வால்வு இருக்கும், அதை ஒட்டி உள்ளே மை இன்னும் போய்ச் சேராத ஒரு சின்ன அறையும் இருக்கும். ஊசி இல்லாத ஸிரிஞ்சை அந்த வாயில் பொருத்தி மெல்ல இழுங்கள். முதலில் வெறும் காற்று வரும், பிறகு நுரை, பிறகு மை. மை மட்டும் கம்பி போல் வர ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இழுத்த மையைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். இதைச் செய்யாமல் நேராகப் போட்டால், அந்த அறையில் இருக்கும் காற்று மொத்தமும் ஹெட்டுக்குள் போகும். அதை வெளியேற்ற நாலு கிளீனிங் ஆகும், அதில் போகிற மையில் இருபது முப்பது படம் போட்டிருக்கலாம்.

எல்லாம் போட்டு முடித்ததும் நாசில் செக் ஒன்று எடுங்கள், அதாவது ஹெட்டின் துவாரமெல்லாம் மை விடுகிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள். படிக்கட்டு போல வரிசையாகச் சின்னக் கோடுகள் வரும். எந்தப் படியும் உடையாமல் இருந்தால் சரி.

முதல் பத்துப் படம் அருமையாக வந்தது. அப்புறம் ஒரு கலர் மெல்ல மெல்ல வெளுத்துக் காணாமலே போய்விட்டது. ஏன்?

காற்றுத் துளையைப் பாருங்கள். புதுக் கார்ட்ரிட்ஜில் அதை ஒரு சின்ன ரப்பர் முளையோ டேப்போ மூடியிருக்கும். பிரிண்டரில் போடும்போது அதை எடுத்துவிட வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்தால், குபுக் குபுக்கென்று காற்று உள்ளே போனால்தானே தண்ணீர் இறங்கும்? அதே கதைதான். வெளியே போகிற மைக்குப் பதிலாகக் காற்று உள்ளே வரவில்லை என்றால் மை ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும்.

நான் முதல் தடவை இதில்தான் மாட்டினேன். மஞ்சள் மட்டும் வரவில்லை. அண்ணன் பெண்ணின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் ஊதா பூத்துக்கிடந்தன. கிளீனிங், மறுபடி கிளீனிங் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். டப்பா நிறைய மஞ்சள் இருந்தது. கடைசியில் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், அரைமிளகு அளவு ஒரு ரப்பர் முளை துளையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதை நகத்தால் நெம்பியதும் 'சுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த ஒரு சத்தத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது.

வெளியே பாட்டில் வைத்துக் குழாய் விடுகிற அமைப்பு வைத்திருப்பவர்கள் பாட்டிலின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பிரிண்டர் இருக்கும் மேசையிலேயே பாட்டிலும் இருக்கட்டும். புத்தகம் அடுக்கி உயர்த்தினால் மை தானாக இறங்கி ஹெட் வழியாக ஒழுகும். கீழே தரையில் வைத்தால் மை பின்வாங்கும்.

டப்பாவில் மை தெரிகிறது, பிரிண்டரோ தீர்ந்துவிட்டது என்கிறது. யார் சொல்வது உண்மை?

உங்கள் கண். பிரிண்டர் டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனை சொட்டு அடித்தேன், இத்தனை கிளீனிங் செய்தேன் என்று கூட்டிக் கழித்துச் சிப்பில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். ரீஃபில் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் தானே ரீசெட் ஆகும் சிப் இருக்கும். தீர்ந்தது என்று வந்ததும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டினாலோ, பிரிண்டரை அணைத்துப் போட்டாலோ மறுபடி நிறைந்ததாகக் காட்டும். கேனனில் மை தீர்ந்த எச்சரிக்கை வந்தால் ஸ்டாப் பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு பார்ப்பதையே பிரிண்டர் நிறுத்திவிடும்.

இதில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. சிப் ரீசெட் ஆகித் திரையில் நிறைவாகக் காட்டும், டப்பா காலியாக இருக்கும். நீங்களும் திரையை நம்பிப் படம் போடுவீர்கள். மை கால்வாசிக்கு இறங்கும்போதே நிரப்பிவிடுவது நல்லது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன்.

கோடு கோடாக வருகிறது. எத்தனை தடவை ஹெட் கிளீனிங் கொடுக்கலாம்?

அடுத்தடுத்து மூன்று. அதற்கு மேல் வேண்டாம். மூன்றிலும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஹெட்டில் மாட்டிய காற்றுக் குமிழி மேலே எழும்பவும், காய்ந்த மை ஊறி இளகவும் அந்த நேரம் வேண்டும். காலையில் ஒரே ஒரு கிளீனிங்கில் திறந்துகொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாசில் செக்கில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கோடு விட்டுப்போனால் அது காற்று. ஒரே இடம் திரும்பத் திரும்ப விட்டுப்போனால் அது அடைப்பு. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி மை மிச்சம்.

கிளீனிங் செய்த மை எங்கே போகிறது?

பிரிண்டரின் அடிவயிற்றில் கனமான பஞ்சுப் பட்டை ஒன்று இருக்கிறது. எல்லாம் அதில்தான். வேஸ்ட் இங்க் பேட் என்பார்கள். எவ்வளவு கொட்டியது என்று பிரிண்டர் எண்ணிக்கொண்டே வரும், ஒரு நாள் வேலையை நிறுத்தும். கேனனில் 5பி00 என்று வருவது இதுதான். எப்சன், பேடின் ஆயுள் முடிந்தது, சர்வீசுக்குக் கொண்டு போ என்று சொல்லும்.

ரீசெட் மென்பொருளால் அந்த எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கலாம், பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். எண் மாறினால் பஞ்சு காய்ந்துவிடுமா? நனைந்தது நனைந்ததுதான். ஒரு நாள் பிரிண்டரைத் தூக்கும்போது அடியில் கறுப்பாக வழியும். பேடை மாற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

முகமெல்லாம் சிவப்பாக வருகிறது. சில சமயம் பச்சை பூத்த மாதிரி. மை சரியில்லையா?

மை கெட்டிருக்காது. பிரிண்டரின் டிரைவர், அதாவது அதை இயக்கக் கம்ப்யூட்டரில் போடுகிற மென்பொருள், கம்பெனி மைக்கும் கம்பெனி பேப்பருக்கும் கணக்குப் போட்டது. வேறு மையின் மெஜந்தா கொஞ்சம் அடர்த்தியாக இருந்தாலே நம் மாநிறம் செங்கல் நிறமாகிவிடும். தோல் நிறத்தில்தான் தப்பு உடனே தெரியும். புடவை கொஞ்சம் மாறினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

முதலில் நாசில் செக் எடுத்து எல்லாக் கலரும் வருகிறதா என்று பாருங்கள். இளம் மெஜந்தா அடைத்துக்கொண்டால் முகம் பச்சையாகும், அதை மையின் குற்றமாக நினைத்துக்கொள்வோம். அடுத்து டிரைவரில் பேப்பர் வகை. கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு 'சாதாரண பேப்பர்' என்று விட்டிருந்தால் எந்த மையும் உருப்படாது. தானாகப் படத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் நிறம் சாய்ந்தால், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் மையில் அச்சடியுங்கள். சாம்பல் நிறம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் டிரைவரில் இரண்டு மூன்று புள்ளி நகர்த்திப் பாருங்கள். மை விற்பவர் தன் மைக்கென்று ஐசிசி புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) தந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வழி: 35×45 மி.மீ. படம் எட்டு, ஒரு 4×6 தாளில் அடங்கும். எட்டிலும் ஒவ்வொரு விதமாக நிறத்தை மாற்றிவைத்து அச்சடித்தால், ஒரே தாளில் சோதனை முடிந்துவிடும்.

படம் எத்தனை வருடம் நிற்கும்?

ரீஃபில் டை மை, மலிவான 180 ஜி.எஸ்.எம். கிளாஸி பேப்பர், கண்ணாடி போடாமல் சுவரில் ஒட்டியது என்றால் சில மாதத்திலேயே மாற்றம் தெரியும். வெயில் ஒரு காரணம். காற்றில் இருக்கும் ஓசோன் இன்னொரு காரணம். மற்ற நிறங்களுக்கு முன்னால் சயான் போய்விடுவதால் படம் செம்மஞ்சளாகத் திரும்பும். கம்பெனி மைக்கும் இது நடந்திருக்கிறது: 2000-இல் எப்சனின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்களின் படங்கள் சிலருக்குக் கொஞ்ச நாளிலேயே ஆரஞ்சாக மாறிப் பெரிய புகாரானது. அதற்குப் பிறகுதான் வீட்டுப் பிரிண்டர்காரர்கள் ஓசோன் என்ற வார்த்தையையே கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா படத்தை இரண்டு பிரதி போட்டேன். ஒன்று ஆல்பத்தில், இன்னொன்று கண்ணாடி இல்லாமல் சாமி அறையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில். ஒரே நாள், ஒரே மை, ஒரே பேப்பர். இன்றைக்கு ஆல்பத்துத் தாத்தா அன்று போலவே இருக்கிறார். சாமி அறைத் தாத்தாவின் வெள்ளை வேட்டி ரோஸ் கலர்.

மாலை போட்டு மாட்டப்போகிற படம் என்றால் கண்ணாடிச் சட்டம் போடுங்கள், பிளாஸ்டிக் பூச்சு போட்ட நல்ல ஆர்.சி. பேப்பர் வாங்குங்கள். அச்சடித்த உடனே சட்டத்துக்குள் வைக்காமல் ஒரு நாள் காயவிடுங்கள். மையில் இருக்கும் கிளைகால் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி போல் படியும்.

இரண்டே கார்ட்ரிட்ஜ் இருக்கிற பிரிண்டருக்கு ஊசி போடுவது எப்படி?

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் துளைகள் தெரியும். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று. எந்தத் துளையில் எந்த நிறம் என்று யூகிக்காதீர்கள், பல் குத்தும் குச்சியை விட்டு நுனியைப் பாருங்கள். உள்ளே பஞ்சு. ஊசியைப் பாதி ஆழம் இறக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். மேலே மை எட்டிப் பார்த்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் ஹெட்டை நனைத்த டிஷ்யூவில் மெல்ல ஒற்றி எடுங்கள். மூன்று நிறமும் மூன்று தனிப் பட்டையாக விழ வேண்டும். மூன்றும் கூடிச் சாணி நிறமாக விழுந்தால் உள்ளே கலந்துவிட்டது. இன்னும் நாலைந்து முறை ஒற்றிப் பாருங்கள், தெளியலாம். ஹெட் தேய்ந்துகொண்டே வரும் என்பதால் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு நான்கைந்து ரீஃபிலுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உண்மையைச் சொன்னால், இந்த வகை பிரிண்டரில் ஃபோட்டோவுக்காக மெனக்கெடுவது வீண். பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வேலைக்குப் போதும்.

வேறு மை போட்டால் வாரண்டி போய்விடுமா? கம்பெனி தடுக்க முடியுமா?

வேறு மையால் ஹெட் கெட்டது என்று சர்வீஸ் சென்டரில் கண்டுபிடித்தால் அந்த ரிப்பேருக்குக் கைக்காசுதான். வாரண்டி காலம் முடியும்வரை கம்பெனி மை, அப்புறம் ரீஃபில் என்பது என் பழக்கம்.

காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. லெக்ஸ்மார்க் கம்பெனி, காலி கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்றவர்கள் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. விற்ற பிறகு அந்தப் பொருளின் மேல் காப்புரிமை செல்லாது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மென்பொருள் வழியாகக் கதவை அடைக்கலாம். 2016 செப்டம்பரில் எச்பியின் ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட வெளிக் கார்ட்ரிட்ஜை ஒரே நாளில் மறுத்தன. ஏற்கனவே உள்ளே போயிருந்த ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டருக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள், செய்த வேலை. ஆகவே ரீஃபில் போடும் பிரிண்டரில் தானாக அப்டேட் ஆவதை அணைத்து வையுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு டேங்க் பிரிண்டரே வாங்கிவிடலாமே?

புதிதாக வாங்குவதாக இருந்தால், ஆமாம். வெளிக் கடைகளில் பிரிண்டருக்குக் குழாய் போட்டு பாட்டில் மாட்டிக்கொடுத்ததை, எப்சன் 2010-இல் இந்தோனேஷியாவில் தானே செய்து விற்க ஆரம்பித்தது. பிறகு கேனன், எச்பி என்று எல்லோரும் வந்தார்கள். ஓடுகிற நல்ல பழைய பிரிண்டர் வீட்டில் இருந்தால் மட்டும் ரீஃபில் கார்ட்ரிட்ஜ் போட்டு ஓட்டலாம்.

கையில் பட்ட மை போகவில்லை.

போகாது. இரண்டு நாள் பொறுங்கள். அடுத்த முறை கையுறை.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். பிரிண்டரை என்ன செய்வது?

கிளம்புவதற்கு முன் எல்லா டப்பாவையும் பாதிக்கு மேல் நிரப்பி, ஒரு கலர் படம் போட்டுவிட்டு, பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி அணையுங்கள். சுவரில் ஸ்விட்சைத் தட்டி அணைத்தால் ஹெட் தன் மூடியில் போய் உட்காராமல் நடுவழியில் நின்று, திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைக்க வேண்டாம். வீட்டில் யாராவது இருந்தால், வாரம் ஒரு நாசில் செக் எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். என் அம்மாவுக்கு எழுபது வயது, எந்த பட்டன் என்று ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் காட்டினேன், தவறாமல் செய்தார்கள்.